ஐ.டி.ஐ.யா, டிப்ளமாவா, பி.இ.யா: கைக்கு எங்கே வேலை கிடைக்கிறது?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள். பையன் 500க்கு 318. "தம்பி, இவன் ஐ.டி.ஐ.தான் சேருவேன்னு பிடிவாதமா நிக்கிறான்டா. நீ சொன்னா கேப்பான். ப்ளஸ் டூ முடிச்சு ஏதாவது ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல சேரச் சொல்லு." நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்து, அப்புறம் டிப்ளமா படித்து, இருபது வருடமாகத் திருச்சி துவாக்குடிப் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் இருப்பவன். அக்காவுக்கு அது தெரியும். தெரிந்தும் தன் பிள்ளைக்கு அந்த வழி வேண்டாம் என்கிறாள் என்றால், அவள் பயம் சின்னது இல்லை. அவளுக்குச் சொன்னதையும், அன்றைக்குச் சொல்ல வராததையும் சேர்த்து எழுதுகிறேன். மே மாதம் வந்தால் இதே கேள்வி எத்தனையோ வீடுகளில் எழுகிறது.

முதலில் மூன்று வழிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம். ஐ.டி.ஐ.யில் பெரும்பாலான பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்பு போதும். வெல்டர், வயர்மேன் போன்ற சிலவற்றுக்கு எட்டாம் வகுப்பே போதும். வெல்டர், பிளம்பர் ஓராண்டு. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் இரண்டாண்டு. அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ், சீருடை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் தனியாகவும் வரும். டிப்ளமா மூன்றாண்டு, அரசு பாலிடெக்னிக்கில் செலவு சொற்பம். பி.இ. என்றால் ப்ளஸ் டூவுக்கு இரண்டு, அதன் மேல் நான்கு, ஆக ஆறு வருடம். தனியார் கல்லூரியில் கவுன்சலிங் மூலம் சேர்ந்தாலும் வருடக் கட்டணம் ஐம்பதாயிரத்தை ஒட்டி வந்துவிடும். மேனேஜ்மென்ட் கோட்டா, ஹாஸ்டல், பஸ் எல்லாம் வேறு கணக்கு.

வீட்டில் உட்கார்ந்து பேசும்போது இந்தப் பணக் கணக்கும் வருடக் கணக்கும்தான் பேச்சாக இருக்கும். நான் பார்க்கச் சொல்வது இன்னொரு கணக்கு. கையில் கருவியோடு நிற்கும் நேரம் எவ்வளவு?

ஐ.டி.ஐ.யின் இப்போதைய பாடத்திட்டத்தில் வருடத்துக்கு 1,200 மணி நேரம். அதில் 840 மணி நேரம் செய்முறை, 240 மணி நேரம் தொழில் பாடம், மீதி வேலைக்கான பொதுத் திறன்கள். 2022க்கு முன்னால் மொத்தம் 1,600 மணி நேரமாக இருந்தது, குறைத்துவிட்டார்கள். அது எனக்கு இன்றும் வருத்தம்தான். இருந்தாலும் 840 மணி நேரம் என்பது பெரிய விஷயம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதலாமாண்டு பி.இ. மாணவருக்கு 'இன்ஜினியரிங் பிராக்டிசஸ் லேப்' என்று ஒரு பாடம் உண்டு. அதற்கு 60 பீரியட். அந்த அறுபதுக்குள் பிளம்பிங், மரவேலை, வயரிங், வெல்டிங், ஷீட் மெட்டல், சால்டரிங் அத்தனையும் அடக்கம். மெக்கானிக்கல் எடுத்தவருக்கு அடுத்தடுத்த வருடங்களில் லேத், மில்லிங் லேப்கள் வரும். ஆனாலும் நான்கு வருடம் முடித்து எங்கள் பட்டறைக்கு வரும் பிள்ளைகளில் பலர் வெல்டிங் ஹோல்டரைத் தொட்டது நாலைந்து முறைதான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் படிப்பின் நோக்கம் வேறு.

திறமையான ஆள் என்றால் யார் என்று அக்காவிடம் கேட்டேன். "சர்டிபிகேட் வச்சிருக்கவன்" என்றாள். எங்கள் பட்டறைப் பேச்சில் அதற்கு அர்த்தம் வேறு.

திருச்சியில் பெல் நிறுவனத்தின் உயர் அழுத்த பாய்லர் ஆலை 1965இல் வந்தது. அதைச் சுற்றித்தான் துவாக்குடி, திருவெறும்பூர்ப் பட்டறைகள் முளைத்தன. 1975இல் அதே வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் வந்தது. பாய்லரில் நீராவி பயங்கரமான அழுத்தத்தில் ஓடும். ஒரு ஜாயின்ட் விட்டுப்போனால் பக்கத்தில் நிற்கிறவன் பிழைக்கமாட்டான். அதனால் 1950ஆம் வருட இந்திய பாய்லர் ஒழுங்குமுறை விதிகளின்படி தேர்வு பெற்ற வெல்டர்தான் அதில் கை வைக்கலாம்.

அந்த மாதிரித் தேர்வுகளில் எல்லோரும் பயப்படுவது சிக்ஸ் ஜி. ஒரு பைப்பை 45 டிகிரி சாய்வாக ஸ்டாண்டில் பொருத்திவிடுவார்கள். பைப் சுழலாது, வெல்டர்தான் அதைச் சுற்றி வர வேண்டும். மேலே நின்று அடிக்கிற அதே ஜாயின்டைக் கீழே குனிந்து தலைக்கு மேலாகவும் அடிக்க வேண்டும். அடியில் போடும் முதல் அடுக்கான ரூட் பாஸ், ஆர்கான் வாயு வெல்டிங்கில். வலது கையில் டார்ச், இடது கையில் ஃபில்லர் கம்பி. டார்ச் முனையில் இருக்கும் பீங்கான் கப்பை பள்ளத்தின் இரு ஓரத்திலும் மாற்றி மாற்றிச் சாய்த்து நடத்திக்கொண்டே போக வேண்டும். இரண்டு பைப்புக்கும் நடுவே சாவித்துவாரம் மாதிரி ஒரு சின்ன ஓட்டை உருகித் திறக்கும். அதைக் கண்ணிலேயே வைத்துக்கொண்டு, அது பெரிதாகாமலும் மூடிவிடாமலும் ஃபில்லரைச் சொட்டுச் சொட்டாக ஊட்ட வேண்டும். பெரிதானால் உலோகம் உள்ளே தொங்கிவிடும், மூடினால் உள்பக்கம் ஒட்டாது. வெளியே இருந்து பார்த்தால் இரண்டுமே தெரியாது. அதன் மேல் 7018 என்கிற வெல்டிங் ராடில் அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். அந்த ராடை ஓவனில் சூடாகவே வைத்திருப்போம். ஈரம் ஏறினால் ஹைட்ரஜன் உள்ளே போய் வெல்டு பின்னால் விரிசல் விடும். கடைசியில் எக்ஸ்ரே. ஃபிலிமில் மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் போதும், ஜாயின்டை வெட்டி எடுத்து மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

ஐ.டி.ஐ. முடித்த பையன் முதல் நாளே இதைச் செய்துவிட மாட்டான். எங்களிடம் வந்தவர்களில் நன்றாகக் கை வந்தவர்களுக்கே மூன்று, நான்கு வருடம் பிடித்தது. அந்த இடத்துக்கு வந்துவிட்டால் எங்கள் பக்கம் நாள் சம்பளம் 1,200 ரூபாய்க்குக் கீழே யாரும் பேச மாட்டார்கள். ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலை வந்தால் அதற்கும் மேல். வெளிநாடு போனால் அது வேறு கணக்கு. வந்து சேர்கிற புதுசுக்கோ மாதம் 12,000, 13,000. ஒரு ஜவுளிக் கடையில் நின்றாலே கிட்டத்தட்ட அந்தச் சம்பளம் கிடைத்துவிடும், கண்ணும் எரியாது.

தொழிலுக்கு ஆள் கிடைக்கவில்லை என்கிறார்களே, அந்தப் பற்றாக்குறை எங்கே இருக்கிறது என்பதற்குப் பதில் கை பழகும் இந்த மூன்று, நான்கு வருடத்தில் இருக்கிறது. 2024 ஜூனில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்பிரமணியன் தங்கள் வேலைத்தளங்களில் 25,000 முதல் 30,000 தொழிலாளர்கள் குறைவதாகச் சொன்னார். கோயம்புத்தூர் ஃபவுண்டரி, ஓசூர் மெஷின் ஷாப், எங்கள் துவாக்குடி என்று எங்கே போனாலும் முதலாளிகள் பாடுவது இதே பாட்டுத்தான். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தம்பிகள் வரவில்லை என்றால் பாதிப் பட்டறை ஓடாது. ஆனால் ஹெல்பராகச் சேர்கிற பையனுக்கு எங்கள் பக்கத்துப் பட்டறைகள் என்ன கொடுக்கின்றன? இரண்டு வருடம் கிரைண்டிங். ராடு காசு கொடுத்து வாங்குகிற பொருள், பழகுவதற்கு யாரும் தர மாட்டார்கள். எனக்கே நடந்தது. நான் முதலில் சேர்ந்த இடத்தில் அப்ரன்டிஸ் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு வருடம் லோடு ஏற்றி இறக்க வைத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஸ்கிராப் தகடுகளை ஒட்டிப் பழகினேன், அதற்கும் திட்டு. கூடச் சேர்ந்த நான்கு பேரில் மூன்று பேர் வேலையை விட்டுவிட்டார்கள். ஒருவன் இன்று டெலிவரி வண்டி ஓட்டுகிறான். நல்ல கை அவனுக்கு. இப்படிப் பழகும் வருடங்களுக்குக் கூலி கொடுக்க மனமில்லாமல், பழகி முடித்தவன் மட்டும் வேண்டும் என்றால் அவன் எங்கிருந்து வருவான்?

நாட்டளவிலும் இதே நிலைமைதான். 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையின்படி 15 முதல் 29 வயது வரையிலான இளைஞர்களில் முறையான தொழிற்பயிற்சி பெற்றவர்கள் 4.4 சதவீதம். இன்னொரு 16.6 சதவீதம் பேர் அப்பாவிடமோ பட்டறையிலோ தாமாகப் பழகியவர்கள்.

சரி, அப்படியென்றால் காலேஜ் வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 2022இல் பட்டம் பெற்ற இளைஞர்களில் 29.1 சதவீதம் பேர் வேலையில்லாமல் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் 3.4 சதவீதம் பேர்தான். இதைக் காட்டி 'பார்த்தீர்களா, படிப்பு வீண்' என்று பேசுகிறவர்கள் உண்டு. அது தவறான வாசிப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவர் வேலையில்லாமல் ஒரு வாரம்கூட உட்கார முடியாது. சித்தாள் வேலையோ களையெடுப்போ கிடைத்ததைச் செய்வார். பட்டதாரி காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பு வலிதான், ஆனால் வீட்டில் ஏதோ கொஞ்சம் தாங்குகிற வசதி இருப்பதால் காத்திருக்கிறார்.

கல்லூரி யாருக்கு என்பதில் எனக்குத் தெளிவு உண்டு. கணக்கு பிடிக்கிற பிள்ளை, கிண்டி பொறியியல் கல்லூரி, கோவை ஜி.சி.டி., காரைக்குடி அழகப்பா மாதிரி இடத்தில் சீட் கிடைக்கிற பிள்ளை என்றால் யோசிக்கவே வேண்டாம், போகட்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டிவிடும். அந்த வாய்ப்பு இருக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு 'தம்பி, கைத்தொழில் கற்றுக்கொள்' என்று சொல்வது அநியாயம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. அக்காவின் பயத்துக்கு வேர் இங்கேதான். 1953இல் ராஜாஜி கொண்டு வந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லித் தமிழ்நாடே எதிர்த்தது. பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில். 1954இல் காமராஜர் வந்து அதைக் கைவிட்டார். எங்கள் தாத்தா கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர். அவருக்குப் பிறகு யாரும் நெருப்பின் முன் உட்காரக் கூடாது என்பது பாட்டியின் வைராக்கியம். அந்த வைராக்கியத்தில்தான் அம்மா எங்களை வளர்த்தாள். தமிழ்நாட்டில் உயர்கல்வி சேர்க்கை 2021-22 கணக்குப்படி 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4. இது லட்சக்கணக்கான பாட்டிகளின் வைராக்கியம். பட்டறைக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதற்காக இதைக் குறைத்துப் பேசுவதை என்னால் ஏற்க முடியாது. பிள்ளை தொழில் கற்கட்டும், ஆனால் அது அவன் விரும்பி எடுத்ததாக இருக்க வேண்டும். மார்க் குறைந்தவனுக்கும் வசதி இல்லாதவனுக்கும் ஒதுக்கிய இடமாக ஐ.டி.ஐ. இருக்கிற வரை அக்காக்கள் பயப்படத்தான் செய்வார்கள்.

ஆனால் அக்கா சொன்னது கிண்டி இல்லை. "ஏதாவது ஒரு காலேஜ்." என் கவலை அந்த 'ஏதாவது'தான். மாநிலத்தில் 400க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. நல்ல ஆசிரியர் இல்லாத, லேத் மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கும் ஒரு கல்லூரியில் நான்கு வருடம் இருந்து, ஏழெட்டு அரியரோடு வெளியே வருகிற பையனுக்கு டிகிரியும் இல்லை, கைத்தொழிலும் இல்லை, வீட்டில் கடன் மட்டும் உண்டு. அப்படி வந்தவர்களை எங்கள் பட்டறையில் ஸ்டோர் கீப்பராகச் சேர்த்திருக்கிறோம். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பழகிய பிறகு, பேருக்கு ஒரு பி.இ. என்பதற்கு நான் யாரிடமும் சரி சொன்னதில்லை.

தொழிலின் மறுபக்கத்தையும் அக்காவிடம் மறைக்கவில்லை. வெல்டருக்குக் கண்ணில் ஆர்க் பட்டால் ராத்திரி முழுக்க மணல் கொட்டியது மாதிரி உறுத்தும், உருளைக்கிழங்கை வெட்டி இமை மேல் வைத்துக்கொண்டு விடியும்வரை கிடப்போம். புகை நுரையீரலுக்கு ஆகாது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் முதுகு சொல்பேச்சுக் கேட்காது. அதற்குள் சூப்பர்வைசர், இன்ஸ்பெக்ஷன், சொந்தப் பட்டறை என்று ஏதாவது ஒரு பக்கம் நகர்ந்திருக்க வேண்டும். பெண் பார்க்கப் போனால் முதல் கேள்வி "பையன் டிகிரியா?" என்பதுதான். எனக்கு இரண்டு இடம் அதிலேயே தட்டிப் போனது.

அந்த நகர்வுக்குப் படிக்கட்டு இருக்கிறதா என்பதுதான் ஐ.டி.ஐ.க்கு ஆதரவாக என்னைப் பேச வைத்த விஷயம். இருக்கிறது, ஆனால் நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாமாண்டு சேரலாம். டிப்ளமா முடித்தவர் பி.இ.யில் நேராக இரண்டாமாண்டு சேரலாம். பத்தாம் வகுப்போடு இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் ப்ளஸ் டூ தமிழ், ஆங்கிலம் இரண்டு தாளை மட்டும் எழுதித் தேறினால் ப்ளஸ் டூவுக்கு இணை என்று தமிழக அரசே ஏற்கிறது. ரயில்வேயில் உதவி லோகோ பைலட், டெக்னீஷியன் வேலைகளுக்கு ஐ.டி.ஐ. போதும். இப்படி ஏறி வந்த டிப்ளமாக்காரனுக்கும் பி.இ.காரனுக்கும் பட்டறையில் ஒரு தனி மதிப்பு உண்டு. டிராயிங்கைப் பார்த்ததும் எந்த இடத்தில் டார்ச் நுழையாது என்று சொல்லிவிடுவார்கள்.

வெறும் டிப்ளமா எப்படி என்று கேட்டால், பத்தாவது முடித்ததும் நேராக அரசு பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தால் அதுவும் நல்ல வழிதான். சூப்பர்வைசர் வேலைக்குக் கம்பெனிகள் விரும்பிக் கேட்பது அவர்களைத்தான். என் மனம் ஐ.டி.ஐ. வழியாக டிப்ளமா போவதில் கொஞ்சம் சாய்கிறது. ஒரு வருடம் கூடப் போகும், ஆனால் கை பழகியிருக்கும்.

பிரிவு தேர்ந்தெடுப்பதில் இரண்டு விஷயம் மட்டும். எட்டாவதோடு வெல்டர் சேர்ந்துவிடாதீர்கள். பத்தாவது தேறியவருக்கு, வெளிநாட்டு வேலைக்குப் போகுமுன் அரசிடம் குடியேற்ற அனுமதி வாங்கும் பாஸ்போர்ட் தொல்லை இல்லை. வளைகுடா போகிற நாளில் அது பெரிய நிம்மதி. ஜெர்மனி போகிற ஆசை இருந்தால், 2024 மார்ச் முதல் அங்கே அனுபவத்தை வைத்து விசா தரும் வழியில் குறைந்தது இரண்டாண்டுப் பயிற்சிச் சான்று கேட்கிறார்கள். ஓராண்டு வெல்டர் சான்றிதழ் அதற்குப் போதாது, இரண்டாண்டு ஃபிட்டருக்கு அந்தத் தடை இல்லை. ஃபிட்டர் முடித்தவன் வெல்டிங் பழகிக்கொள்வதும் சுலபம்.

மற்றபடி எந்த ஐ.டி.ஐ. என்பதை நேரில் போய்ப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அரசு 71 ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் நவீனப்படுத்தியிருக்கிறது. ரோபோ, சி.என்.சி. எல்லாம் வந்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் புதிய மெஷினைப் பார்த்து மயங்கிவிடாமல் வெல்டிங் பூத்துக்குள் போங்கள். எரித்து மீந்த ராடு முனைகள் தொட்டியில் எவ்வளவு கிடக்கின்றன என்று பாருங்கள். ஸ்கிராப் தகடு அடுக்கி வைத்திருக்கிறார்களா, அரங்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டாமாண்டுப் பையன் ஒருவனை ஓரமாகக் கூப்பிட்டு, போன வாரம் எத்தனை நாள் ஷாப் ஃப்ளோரில் நின்றான் என்று கேளுங்கள். ஆசிரியர் எத்தனை பேர், எத்தனை இடம் காலி என்பதை அவனே சொல்லிவிடுவான். காலேஜ் பார்க்கப் போனாலும் இதையே கேளுங்கள்.

நானும் அக்காவும் பையனும் இரண்டு இடம் போய்ப் பார்த்தோம். முதல் இடத்தில் தொட்டி சுத்தமாக இருந்தது, ஒரு ராடு முனைகூட இல்லை. இரண்டாவது ஒரு அரசு ஐ.டி.ஐ. கட்டடம் பழசு, கழிப்பறை மோசம்; அதை அங்கேயே சொல்லிவிட்டு வந்தோம். ஆனால் வைஸ் மேஜை இருபதிலும் பையன்கள் நின்று அரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் ஒவ்வொருவன் முழங்கையையும் தொட்டுத் தொட்டு நிலை சரி செய்துகொண்டிருந்தார். அக்கா வாசலிலேயே நின்று ரொம்ப நேரம் அதைப் பார்த்தாள்.

அங்கேதான் ஃபிட்டர் சேர்ந்தான். முதல் மாதம் முழுக்க ஒரே இரும்புத் துண்டு, ஒரே அரம். போன வாரம் உள்ளங்கைக் கொப்புளத்தோடு ஒரு போட்டோ அனுப்பினான். பரப்பு நேராக வந்திருக்கிறதா என்று பார்க்கும் ட்ரை ஸ்கொயரை இரும்பின் மேல் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்திருக்கிறான். வலது மூலையில் மட்டும் இன்னும் மெல்லிசாக வெளிச்சம் ஒழுகுகிறது. கீழே எழுதியிருந்தான்: "மாமா, இது மட்டும்தான் பாக்கி."